கடைக்கு வெளியே ஒரு தாய்மாமன்

சீனாவுக்குப் போய் ஒரு கடைக்குள் நுழையாமல் தெருவில் நிற்பதற்கென்றே விமானம் ஏற்றி அனுப்பப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காரணம் என் கை. பார்ப்பதற்கு எல்லார் கையையும் போல ஐந்து விரலோடுதான் இருக்கும். ஆனால் முத்தியால்பேட்டை கடைத்தெருவில் விசாரித்தால் வேறு கதை சொல்வார்கள். காலையில் ஒரு கடையின் போணி என் கையால் நடந்துவிட்டால் அன்று மாலை வரை கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நான் பத்தி வாங்கப் போனால், "அண்ணே, இப்பதான் கட தொறக்கறேன், ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்" என்பார்கள். டீக்கடைக்குப் போனால், "பால் இன்னும் காயல" என்பார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருக்கும்.

இந்தப் பெயர் சும்மா வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த பஞ்சாலை மூடிவிட்டது. முதல் நாள் முதல் ஆளாக நின்று கேசட் வாங்கிய பாட்டுக் கடை, அப்புறம் எஸ்.டி.டி. பூத்தாகி, அதுவும் போய் இப்போது செல்போன் கவர் கடையாக இருக்கிறது. முதல் காட்சிக்கு முதல் டிக்கெட் எடுத்த தியேட்டரில் இப்போது கல்யாணம் நடக்கிறது. பஞ்சாலை மூடியதற்கும் கேசட் ஒழிந்ததற்கும் உலகம் முழுக்க ஆயிரம் காரணம் இருக்கலாம். முத்தியால்பேட்டைக்கு ஒரு காரணம் போதும். பிறகு லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஓய்வு பெற்றேன். அந்தக் கல்லூரி இன்னும் நடக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சிரித்துக்கொண்டேதான் இதையெல்லாம் சொல்கிறேன். ஆனால் உண்மையில் வலிக்கும். ஒரு மனிதனை வாசலில் பார்த்ததும் இன்னொரு மனிதன் முகம் சுருங்குவதைப் பல வருஷம் பார்த்தால் தோல் தடித்துவிடும் என்பார்கள். எனக்குத் தடிக்கவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு அக்கா மகள் கயல்விழி கடை திறக்கிறாள் என்று அழைப்பு வந்தது. கயல் இங்கே படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் குவாங்சோ நகரத்துக்குச் சீன மொழி படிக்கப் போனவள். போன இடத்தில் சரக்கு வாங்க வரும் நம்மூர் வியாபாரிகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியே காலூன்றிவிட்டாள். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு, லின் என்கிற சிநேகிதியோடு சேர்ந்து, கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்து முனையில் பைகள் விற்கிற கடை வைக்கிறாள். பை என்றால் சாதாரணப் பை இல்லை. நாம் இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்குகிறோமே கைலி, அந்தக் கைலித் துணியில் தைத்த பை. அக்காவும் எங்கள் தெருப் பெண்களும் தைத்து அனுப்பியது. ஒரு வருஷத்துக்குள் கடை ஓடாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, அம்மா காட்டுகிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டுவதாகத் தாயும் மகளும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்.

அத்தான் இறந்து நாளாகிவிட்டது. அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஆகத் திறப்பு விழாவுக்குப் போக வேண்டியது தாய்மாமன். காது குத்துவதிலிருந்து கல்யாணம் வரைக்கும் எங்கள் வீடுகளில் எது நடந்தாலும் தாய்மாமன் கைதான் முதலில் பட வேண்டும். அக்காவுக்குத் தர்மசங்கடம். தாய்மாமன் இல்லாமல் திறந்தால் குறை. தாய்மாமன் தொட்டுத் திறந்தால் கடையே இருக்காது. இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"தோ பாரு ஏழுமல, தாய்மாமன்னு நீ போயே ஆவணும். ஆனா மொத யாவாரம் ஆவற வரிக்கும் கட வாசப்படிய மிதிக்காத. வெளியவே நில்லு. புள்ளைக்கு இது தெரிய வாணாம், மனசு சங்கடப்படும்."

என் மனசு சங்கடப்படுமா என்று அவள் கேட்கவில்லை. ஆறுதலுக்கோ என்னவோ, பை தைக்க வாங்கிய அதே நீலக் கட்டம் போட்ட துணியில் எனக்கும் ஒரு கைலி எடுத்து மடித்துக் கொடுத்தாள்.

குவாங்சோவில் இறங்கியதும் எனக்கு முதலில் பழக்கப்பட்டது வேர்வை. ஊரில் விட்டுவந்த அதே புழுக்கம் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தது. மற்றபடி எல்லாம் புதுசு. சத்தமே போடாத ஸ்கூட்டர்கள் பின்னால் வந்து பூனை மாதிரி உரசிக்கொண்டு போகின்றன. எங்கள் ஊர் ஸ்கூட்டர் இரண்டு தெரு தள்ளி வரும்போதே ஹாரன் அடித்து எச்சரிக்கும். அந்த மரியாதை இங்கே இல்லை.

மெட்ரோவில் கயல் பின்னால் வருகிறாள் என்று நினைத்து நான் ஏறிவிட்டேன். கதவு மூடிக்கொண்டது. அவள் பிளாட்பாரத்தில் நின்று கையை ஆட்டுகிறாள். சுற்றிலும் பார்த்தால் ரோஜா நிறத்தில் கோடு, பெண்ணின் படம். பெண்கள் பெட்டி. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் இப்படி ஏறினால் கண்டக்டர் குலம் கோத்திரம் விசாரித்து இறக்கிவிடுவார். இங்கே யாரும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நன்றாகப் பார்த்தபோது பெட்டியில் பாதிப் பேர் ஆண்கள். அடுத்த நிலையத்தில் இறங்கி, தொலைந்த குழந்தை மாதிரி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கயல் வந்து அழைத்துப் போனாள். அந்தப் பதற்றத்தில் என் ரெக்சின் பையின் கைப்பிடி பிய்ந்துவிட்டது. மிச்ச வழியெல்லாம் அதைக் கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

கயலும் லின்னும் தங்கியிருக்கும் வீட்டில் கால் வைக்க இடமில்லை. எங்கே பார்த்தாலும் அட்டைப் பெட்டிகள். லின் ஒல்லியான பெண், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாள். என் பையின் நிலைமையைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏதோ சொன்னாள். கயல் உடனே ஒரு பெட்டியைக் கிழித்து ஒரு தோள் பையை எடுத்தாள். அக்கா தையல். நான் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"சும்மா எடுக்கக் கூடாது மாமா. எதனா குடுங்க."

சட்டைப் பையைத் துழாவினேன். ஒரு பத்து ரூபாய் நாணயம் இருந்தது. செல்லும் என்று அரசாங்கம் சொன்னாலும் எங்கள் பக்கத்தில் எந்தக் கடைக்காரனும் வாங்காத நாணயம். பல மாதமாக என்னோடு இருந்தது, என்னை மாதிரியே போகிற இடத்தில் எல்லாம் திருப்பி அனுப்பப்பட்டு. அதைக் கொடுத்தேன். கயல் வாங்கி, தலைமுடியை ஒதுக்குகிற மாதிரி நெற்றியில் கையை வைத்து எடுத்துவிட்டு, லின்னிடம் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஊரில் தள்ள முடியாததைச் சீனாவில் தள்ளிவிட்டோம் என்று எனக்கும் ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலை கடைத்தெருவைப் பார்க்கக் கிளம்பினோம். தெருவின் பெயர் பெய்ஜிங் சாலை. பெய்ஜிங் அங்கிருந்து எத்தனையோ தூரம். பெயர் வைப்பதில் எல்லா ஊரும் ஒரே மாதிரிதான்.

வண்டியே வராத தெரு என்று கயல் சொன்னபோது எனக்கு எங்கள் கடற்கரைச் சாலை ஞாபகம் வந்தது. அங்கேயும் மாலையானால் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் நிற்பார். அவரைத் தாண்டியும் ஒரு ஸ்கூட்டர், "தோ, இங்கதான் சார்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகும். பெய்ஜிங் சாலையில் அந்த ஒரு ஸ்கூட்டரும் இல்லை. அதற்கு ஈடாக மனிதர்கள். நேரு வீதியைத் தீபாவளிக்கு முந்தின நாள் பார்த்திருக்கிறீர்களா? அதைப் பெருக்கிக் கழுவி, விளக்கு போட்டு, யாரும் யார் காலையும் மிதிக்காமல் நடக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

தெரு நடுவில் ஓரிடத்தில் கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார்கள். கீழே எட்டிப் பார்த்தால் பழைய தெரு. அதற்கும் கீழே அதைவிடப் பழைய தெரு. எந்தெந்த ராஜாக்கள் காலத்துச் சாலைகளோ, பாய் அடுக்கின மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கயல் பெருமையாக விளக்கினாள். எங்கள் தெருவையும் வருஷத்துக்கு இரண்டு தடவை தோண்டுகிறார்கள். உள்ளேயிருந்து உடைந்த குழாய்தான் வந்திருக்கிறது. யாரும் கண்ணாடி போட்டதில்லை.

ஆனால் அந்தத் தெருவில் என்னை அசத்தியது கைதட்டல். கடைக்குக் கடை வாசலில் ஒரு பையனோ பெண்ணோ சின்ன முக்காலி மேல் ஏறி நின்றுகொண்டு கை தட்டுகிறார்கள். டப் டப் டப் என்று தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டே, உள்ளே வாங்க, புதுச் சரக்கு வந்திருக்கு என்று பாட்டாகச் சொல்கிறார்கள். முதலில் யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். மந்திரி வரவில்லை. எனக்குத்தான் தட்டுகிறார்கள். என்னைப் பார்த்து, என் கையைப் பார்த்து, உள்ளே வா என்று கை தட்டுகிறார்கள். காலை வேளை, கடைகள் அப்போதுதான் திறந்திருந்தன. என் வாழ்நாளில் இப்படி ஒரு வரவேற்பை எந்தக் கடைத்தெருவும் எனக்குக் கொடுத்ததில்லை. பாவம், தெரியாத பிள்ளைகள் என்று எண்ணி ஒரு கடைக்குள்ளும் போகாமல் நடந்தேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஊரில் விட மாட்டார்கள். ஓட்டலில் உட்கார்ந்ததும் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்கள். குடிக்கவா, குளிக்கவா என்று கேட்டேன். கயல் மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள். கஞ்சி வந்தது. காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற கஞ்சியில் மீனும் இஞ்சியும் போட்டு, அதைக் காய்ச்சல் இல்லாதவர்களே வரிசையில் நின்று குடிக்கிறார்கள். நன்றாகவே இருந்தது, இரண்டு கிண்ணம் குடித்தேன். ஊறுகாய் கேட்கலாமா என்றேன். அதையும் அவள் மொழிபெயர்க்கவில்லை.

மத்தியானம் கடையைக் காட்டக் கூட்டிப் போனாள். சந்து முனையில், பெரிய தெருவைப் பார்த்த மாதிரி, நம்மூர் ஜெராக்ஸ் கடை அகலத்தில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நீலக் கட்டமும் பச்சைக் கட்டமுமாகப் பைகள் தொங்கின. எங்கள் தெருக் கொடிகளில் காய்கிற துணியெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் இப்படி மினுங்குமா என்று நம்ப முடியவில்லை. உள்ளே வாங்க மாமா என்றாள். முட்டி வலிக்கிறது என்றேன். உள்ளே நாற்காலி இருக்கிறது என்றாள். செருப்பில் மண் என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி, நாளைக்கு வாங்க என்று மட்டும் சொன்னாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவுக்கும் அதே பார்வைதான்.

திறப்பு விழா அன்று புதிதாகத் தைத்த கால்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாகக் கிளம்பினேன். தோளில் கயல் கொடுத்த பை, அதற்குள் நீலக் கட்டக் கைலி. வெளியூரில் கைலி இல்லாமல் வீட்டைவிட்டு இறங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

கடை வாசலைப் பார்த்ததும் அதிர்ந்துபோனேன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு முக்காலி வைத்து, வட்ட வட்டமாகப் பூ, குறுக்கே சிவப்பு ரிப்பன், அதில் எழுத்து. அச்சு அசலாக மலர் வளையம். அதே நேரம் பார்த்து அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். பூவைப் பார்த்தவள், "ஐயோ, யாருடா செத்தா?" என்றாள். சீனாவில் கடை திறந்தால் சிநேகிதர்கள் இப்படித்தான் பூ அனுப்புவார்களாம். ஊருக்குள் பட்டாசு வெடிக்கத் தடை என்பதால் லின்னின் தோழிகள் சிவப்பு பலூன்களை ஊசியால் குத்தி வெடித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. கடை திறந்தாகிவிட்டது.

நான் எதிரே இருந்த மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஏற்கெனவே ஒரு கிழவர் இருந்தார். துணித் தொப்பி, மடியில் பிளாஸ்க், பக்கத்தில் சாப்பாட்டு டப்பா. என்னைப் பார்த்துத் தலையசைத்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். தள்ளி உட்கார்ந்தது இடம் விடுவதற்காக. எனக்கு அது புரியச் சற்று நேரம் பிடித்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. தெருவில் ஆறு மாதிரி கூட்டம் போகிறது. கடைக்குள் ஒருவர், இருவர் நுழைகிறார்கள். பையைத் தடவுகிறார்கள், தோளில் மாட்டிக் கண்ணாடியில் பார்க்கிறார்கள், போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், திரும்ப மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் ஊர் சண்டே மார்க்கெட்டில் இப்படிச் செய்தால் கடைக்காரர் வாயிலிருந்து வருவதை எழுத முடியாது. கயலும் லின்னும் மாறி மாறி முக்காலியில் ஏறிக் கை தட்டினார்கள். கயலின் உள்ளங்கை சிவந்துபோயிருப்பது பெஞ்சிலிருந்தே தெரிந்தது. குழந்தையாக இருந்தபோது அந்தக் கையைப் பிடித்து நான்தான் பள்ளிக்கூடம் கூட்டிப் போவேன்.

அக்கா மறுபடி கூப்பிட்டாள். போணி ஆச்சா என்றாள். இல்லை என்றேன். நீ எங்கே இருக்கிறாய் என்றாள். தெருவில் என்றேன். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போ என்றாள். பெஞ்சுக்குப் பின்னால் சுவர். இதற்குமேல் தள்ளிப் போக வேண்டுமென்றால் முத்தியால்பேட்டைக்குத்தான் போக வேண்டும். போனை வைத்துவிட்டேன்.

மதியமும் வந்தது. ஒரு பைகூடப் போகவில்லை. வாசற்படியை மிதிக்காமல் இருந்துவிட்டால் போதும் என்று அக்கா நினைத்தாள். எனக்கோ, எதிரில் உட்கார்ந்திருப்பதே போதுமான கெடுதல் என்று தோன்ற ஆரம்பித்தது. எழுந்து எங்காவது போய்விடலாமா என்று பார்த்தேன். கயல் முக்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போக முடியவில்லை.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். பக்கத்தில் இருந்த தொப்பிக்காரரும் அந்தக் கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது உள்ளே போனால் அவர் முதுகு நிமிரும். வெறுங்கையோடு வெளியே வந்தால் முதுகு வளையும். என்னை மாதிரியே.

கயல் என் போனில் மொழிபெயர்க்கிற செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் பேசினேன். ஐயா, நீங்கள் ஏன் அந்தக் கடைக்குள் போகவில்லை? போன் சீனத்தில் கேட்டது. அவர் யோசித்து, போனை வாய்க்கு அருகே பிடித்துப் பதில் சொன்னார். போன் பெண் குரலில் தெளிவாகத் தமிழ் பேசியது.

"நான் ஒரு நாய். இன்று டிராகன். நாய் உள்ளே போனால் மகளின் வியாபாரம் சண்டையாகிவிடும்."

எனக்குத் தலை சுற்றியது. மூன்று நான்கு தடவை கேட்டு, பஞ்சாங்கம் மாதிரி ஒரு படத்தை அவர் தன் போனில் காட்டிய பிறகுதான் விளங்கியது. அவர் லின்னின் அப்பா. அவர்கள் கணக்குப்படி நாய் வருஷத்தில் பிறந்தவர். அன்றைய நாள் டிராகனுடையது. நாய்க்கும் டிராகனுக்கும் ஆகாது. அந்த நாளில் நல்ல காரியம் நடக்கிற இடத்தில் நாய் வருஷத்துக்காரர் நிற்கக் கூடாதாம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னது அவர் மனைவி. அந்த அம்மாள் கடைக்குள்ளே ராஜாத்தி மாதிரி உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

இத்தனை தூரம் பறந்து வந்து என் கூடப்பிறப்பைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. என் கதையையும் சொன்னேன். என் கை கெட்ட கை, நான் முதலில் வாங்கினால் கடை படுத்துவிடும் என்றேன். போன் என்ன சொல்லித் தொலைத்ததோ, அவர் பதறிப்போய் என் வலது கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னத் தைல டப்பாவை எடுத்து, உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார். நான் தடுக்கவில்லை. அந்தக் கையை அத்தனை அக்கறையாக யாரும் தொட்டு வெகு நாளாயிற்று.

அதற்கப்புறம் அவர் டப்பாவைத் திறந்தார். வழவழவென்று மெல்லிய அரிசிச் சுருள், மேலே கறுப்பாகச் சோயா சாறு. நம்ம இடியாப்ப மாவை வேறு மாதிரி வேகவைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குச்சியும் கொடுத்தார். சுருளை ஒரு முனையில் பிடித்தேன், மறுமுனையில் நழுவியது. விரட்டிப் பிடிக்கப் போனதில் டப்பா முழுவதும் என் மடியில். புதுக் கால்சட்டை, வெளியில் சொல்ல முடியாத இடத்தில் கறுப்பாக நனைந்துபோனது.

இந்த நிலையில் எங்கள் ஊர்க்காரன் எவனும் யோசிக்க மாட்டான். பஸ் நிலையமோ, ஆஸ்பத்திரி வராந்தாவோ, கடற்கரையோ, கையில் கைலி இருந்தால் நின்ற இடம் உடை மாற்றும் அறை. நானும் யோசிக்கவில்லை. எழுந்து நின்று பையிலிருந்து நீலக் கட்டக் கைலியை உதறி, தலை வழியாக மாட்டி, மேல் விளிம்பைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன். உள்ளே கை இரண்டும் தம் வேலையைப் பார்த்தன. கால்சட்டை கீழே விழுந்தது. ஒரு காலை எடுத்தேன், மறு காலை எடுத்தேன். பல்லை விட்டுக் கைலியை இழுத்து இடுப்பில் சுற்றி முடிந்தேன். ஓர் அங்குலம்கூட யார் கண்ணிலும் படவில்லை. நிமிர்ந்து பார்த்தால் தெரு நின்றிருந்தது.

நான் மிகைப்படுத்தவில்லை. அத்தனை நேரம் ஆறு மாதிரி ஓடிய கூட்டம் என்னைச் சுற்றி வளையமாக நின்றது. எல்லார் கையிலும் போன். ஒரு பெண், மறுபடியும் செய்யுங்கள் என்று சைகை காட்டினாள். ஓர் இளைஞன், இதில் ஏதோ வித்தை இருக்கிறது என்று கைலிக்குள் எங்கே ஜிப் இருக்கிறதெனக் குனிந்து தேடினான். பழக்க தோஷம், எல்லாரும் பார்க்கிறார்களே என்று கைலியை மடித்து முட்டிக்குமேல் கட்டினேன். அதற்குக் கை தட்டினார்கள். தெருக் காவலாளி ஒருவர் சின்ன மின்சார வண்டியில் விசிலடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். இந்தியாவின் மானம் என் இடுப்பில் தொங்கியது.

அந்த நேரத்தில் தொப்பிக்காரர் எழுந்தார். அதுவரை முணுமுணுப்பாகப் பேசியவர், பெஞ்சு மேல் ஏறி நின்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், சண்டே மார்க்கெட் தோற்றது. என் கைலியைக் காட்டினார், கடையைக் காட்டினார், மறுபடி கைலியைக் காட்டினார். இதே துணி, அதோ அங்கே, என் மகள் கடையில் என்று சொன்னதாகக் கயல் பிற்பாடு சொன்னாள். சொல்லிவிட்டு டப் டப் டப் என்று தட்டத் தொடங்கினார். நானும் தட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் தொங்கிய நீலக் கட்டப் பைகளையும் என் இடுப்பையும் கூட்டம் மாறி மாறிப் பார்த்தது. பிறகு மொத்தமாகத் திரும்பி அந்தச் சின்னக் கடைக்குள் நுழைந்தது. காவலாளியும் பின்னாலேயே போனார். விசாரிக்கப் போகிறார் என்று பயந்தேன். பச்சைக் கட்டப் பை ஒன்றோடு வெளியே வந்தார்.

அக்காவைக் கூப்பிட்டு, ஆயிடுச்சு என்றேன். யாரு என்று கேட்டாள். போலீஸ்காரன் மாதிரி ஒருத்தன் என்றேன். நல்ல கை என்று சொல்லி அழுதாள்.

கடமை முடிந்தது. இனி நான் உள்ளே போகலாம். கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, வாசற்படியில் ஒரு நொடி நின்று, காலை எடுத்து வைத்தேன். யாரும் முகம் சுருக்கவில்லை. சுருக்க நேரமும் இல்லை. லின் ஒரு பக்கம், அவள் அம்மா ஒரு பக்கம் பைகளைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்லாப் பெட்டி என்று ஒன்று அங்கே கிடையாது. பணம் செலுத்தக் கட்டம் கட்டமாக ஒரு படம் ஒட்டிய பலகை. எல்லாரும் போனை அதன்மேல் நீட்டுகிறார்கள். அதன் தலைமாட்டில் ஏதோ பளபளத்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். என் பத்து ரூபாய் நாணயம். சுற்றிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, பசை போட்டு ஒட்டியிருந்தாள்.

கயல் பின்னால் வந்து நின்றாள்.

"அதான் மாமா போணி. முந்தாநேத்தே ஆயிடுச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்படியானால் காலையிலிருந்து என்னைத் தெருவில் எதற்கு உட்கார வைத்தாய் என்றேன். எனக்குத் தெரியக் கூடாது என்று உங்களிடம் சொன்னதை அம்மாவே என்னிடமும் சொல்லிவிட்டார்கள், அம்மாவுக்கு நிம்மதி வேண்டாமா என்றாள். என் கையால் போணி பண்ணித்தானே மதியம் வரை ஒரு பை போகவில்லை என்றேன். மதியத்துக்கு அப்புறம் இத்தனை போனதே, அது யார் கை என்றாள். வியாபாரிகளுக்கு மொழிபெயர்த்த வாய், அதோடு வாதம் பண்ண முடியாது.

"எந்தக் கையா இருந்தா இன்னா மாமா. எனக்கு நீங்கதான். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பையைப் பார்க்கிற மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கைலியால் கண்ணைத் துடைக்கலாம் என்று பார்த்தேன், அத்தனை பேர் நடுவில் அதை அவ்வளவு உயரம் தூக்குவது நடக்கிற காரியமில்லை.

உட்காருங்கள் என்று எனக்கு நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. லின்னின் அம்மா பவ்வியமாக இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினாள். தாய்மாமனுக்குச் சேர வேண்டிய மரியாதை எல்லாம் தாமதமாக, ஆனால் மொத்தமாக வந்துகொண்டிருந்தது. அப்போது கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். மரத்தடி பெஞ்சில் தொப்பிக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். கொட்டிய டப்பாவைத் துடைத்து மூடி மடியில் வைத்திருந்தார். யாராவது பையோடு வெளியே வந்தால் முதுகு நிமிர்ந்தது. எனக்கு ஒரு வியாபாரம் ஆனால் போதும், தண்டனை முடிந்துவிடும். அவருக்கு நாள் முழுவதும் முடிய வேண்டும். மகளின் கடை நிறைந்திருப்பதை அவர் உள்ளே நின்று பார்க்கப்போவது நாளைக்குத்தான்.

கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மாமா, எங்கே என்றாள் கயல். சும்மா என்றேன்.

அவர் என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார். உன் தடைதான் நீங்கிவிட்டதே, போ, உள்ளே போ என்று கையை ஆட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவரே என் போனை வாங்கி, மெதுவாக ஏதோ கேட்டார். உள்ளே எப்படி இருக்கிறது என்று போன் சொன்னது.

"ஒரே கூட்டம்," என்றேன். "நமக்கெல்லாம் அங்க நிக்க எடமே இல்ல."

போன் அதைச் சீனத்தில் சொல்லி முடிக்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார். தொப்பியைக் கழற்றிவிட்டு உடம்பு குலுங்கச் சிரித்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து அந்தத் தைல டப்பாவை எடுத்து, முன்பு தேய்த்த கையைக் காட்டு என்று சைகை செய்தார். அதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். வலது கையை நீட்டினேன்.